வடிகட்டி சாரின் ஒன்பது குறிப்புகள்

"ஏழு நாப்பத்திரண்டு இல்லண்ணே. நாப்பத்திநாலு."

என் வேனில் ஏறியதும் வடிகட்டி சாரின் முதல் பேச்சு இதுதான். கதவைச் சாத்துகிறார். சாத்திய கதவை ஒருமுறை தள்ளிப் பார்க்கிறார், ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் உட்காருகிறார். நடு வரிசையில் ஜன்னலோரம் அவர் இடம். மடியில் லேப்டாப் பை, பைக்கு மேல் சாப்பாட்டு டப்பா, டப்பாவுக்கு மேல் என்னுடைய டிரிப் ஷீட். யாரை எத்தனை மணிக்கு ஏற்றினேன் என்று நான் எழுதி வைக்கும் தாள் அது. நான் எழுதிய நேரத்தை ஒரே கோட்டால் அடித்து, அதன் தலைமேல் பொடி எழுத்தில் சரியான நேரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு முன்னால் நீட்டுகிறார். ரெண்டு நிமிடத்துக்கு இவ்வளவா என்று ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை. அவர் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது.

நாற்பத்தெட்டு வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அதை அவர் மனைவி கறுப்பு நூலால் இறுகச் சுற்றிக் கட்டியிருக்கிறார். வேறு கண்ணாடி வாங்கலாமே என்று கேட்டால், "இதுல நல்லாத் தெரியுதே" என்கிறார். தெரிகிறதுதான். முன்னால் போகும் லாரியின் முதுகில் எழுதியிருப்பதை அவர் வாசிக்காமல் விட்டதில்லை. ஒரு நாள் என் வண்டியின் முதுகையும் வாசித்துவிட்டு வந்தார்.

"பின்னாடி எழுதியிருக்கிற போன் நம்பர்ல ஒரு எண் கொறையுதுண்ணே. டிரைவர் மேல புகார் சொல்லணும்னு நெனச்சாலும் யாராலயும் சொல்ல முடியாது."

"அதனாலதான் சார் நாலு வருஷமா எனக்கு நல்ல பேரு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு பின்னாலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அதுதான் சிரிப்பு. அவரிடம் மூன்று விதமான "ம்" உண்டு. ஒன்று சரி, ஒன்று சரியில்லை, ஒன்று சிரிப்பு. வித்தியாசம் பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது. அவருடன் வேலை பார்க்கிறவர்கள் பலருக்கு அதுவரை பொறுமை இல்லை.

வடிகட்டி என்பது அவருக்கு டெஸ்டர் வைத்த பெயர். டெஸ்டர் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர். செய்து முடித்த வேலையை ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். வாய் மூடாத மனிதர். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு அந்த ஆபீசில் என்ன நடக்கிறது என்று பாடம் நடத்தியவர் அவர்தான்.

"நாங்க எழுதறதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகுதுண்ணே. பச்சக் கொழந்தைங்க வார்டு. நர்ஸ் கொழந்தையோட எடையப் போட்டா, எவ்வளவு மருந்து குடுக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லும். யார் எழுதினாலும் சரி, இவர் வரி வரியாப் படிச்சுப் பாத்து, 'சரி'ன்னு பட்டன் அமுக்கினாத்தான் உள்ள போகும். டீக்கு வடிகட்டி மாதிரி. தூள் ஒண்ணு கீழ எறங்காது."

"டீ எறங்குமா சார்?"

"சில நாள் டீயும் எறங்காதுண்ணே!"

பின்னாலிருந்து ஒரு "ம்" வந்தது. சரியில்லை என்கிற "ம்".

யாரோ வண்டியில் விட்டுப்போன குடையைக் கொடுக்க ஒருமுறை மேலே அந்த ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிச் சுவர் வைத்த கூடம். முப்பது பேர் இருந்தும் பேச்சுச் சத்தம் இல்லை. தகரத்தில் தூறல் விழுவதுபோல விரல் சத்தம் மட்டும். வடிகட்டி சார் ஒரு மேசையில். அவர் முதுகுக்குப் பின்னால், அந்தப் பக்கம் திரும்பியபடி, போன வருடம் சேர்ந்த பெண். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினால் அவள் நாற்காலியில் இடிக்கும். அவ்வளவுதான் தூரம். "ரெண்டு பேரும் இப்ப சண்டையில இருக்காங்க" என்று டெஸ்டர் என் காதில் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அறிந்த வீடுகளில் சண்டை என்றால் பாத்திரம் உருளும், ஒருவராவது பட்டினி கிடப்பார். இங்கே அவர் திரையில் ஒரு வரி எழுதுகிறார். அது அவள் திரையில் போய் விழுகிறது. அவள் ஒரு வரி எழுதுகிறாள். முதுகும் முதுகும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அவர் எழுதும் வரிகள் எப்படி இருக்கும் என்று டெஸ்டர் ஒப்பித்துக் காட்டுவார். "வேண்டாம்." "ஏன் இப்படி?" "மறுபடி எழுதவும்." அவ்வளவுதான். படிக்கப் படிக்கக் கண்ணில் பட்டதை உடனே எழுதி உடனே அனுப்பிவிடுவாராம். ஒரு நாளில் முப்பது போகும். வாங்குகிறவருக்கு ஆலங்கட்டி மழைதான்.

கடைசி வரிசையில் முன்பு ஓர் இளைஞர் வந்துகொண்டிருந்தார். நல்ல பிள்ளை. ஏறும்போது வணக்கம் சொல்வார், இறங்கும்போது நன்றி சொல்வார். ஒரு நாள் சாயங்காலம் முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். "இங்கயே நிறுத்துங்கண்ணே" என்று தன் இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்து போனார். அன்றைக்கு அவருக்கு வந்த வரி, "இதை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தீர்களா?" என்பது. அந்தப் பிள்ளை ராத்திரி பகலாக ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார்.

மறுநாள் அவர் நிறுத்தத்தில் போய் நின்றோம். வரவில்லை. வழக்கமாக மூன்று நிமிடம்தான் காத்திருப்பேன். வண்டியை எடுக்கப் போனேன்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கலாமேண்ணே" என்றார் வடிகட்டி சார்.

ரெண்டு நிமிடம், இன்னும் ரெண்டு நிமிடம் என்று பத்து நிமிடம் நின்றோம். அன்றைக்கு டிரிப் ஷீட்டில் அவர் எதையும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் மேனேஜர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். டெஸ்டர் வழியாக எனக்கு வந்த செய்தி இது: "உங்களால இன்னொரு ஆள் போனா, அடுத்து போறது நீங்கதான்." கூடவே ஒரு யோசனையும் சொன்னாராம். தோன்றத் தோன்ற அனுப்பாதீர்கள். எழுதுங்கள், வைத்திருங்கள், சூடு ஆறியபின் படித்துப் பாருங்கள், பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாக அனுப்புங்கள்.

வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். மனைவி தையல் வேலை செய்கிறார். இந்த வயதில் இன்னொரு ஆபீஸ் படியேறி வேலை கேட்க முடியுமா? அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஏறும்போது கதவைத் தள்ளிப் பார்ப்பது இரண்டு தடவை ஆனது.

இப்படி இருக்கும்போதுதான், புது முறையில் முதல் முதலாக, அந்தப் பெண்ணின் வேலை அவரிடம் வந்தது. எடைக்கு மருந்து கணக்கிடுகிற பகுதி. அதை முழுக்க அவள் ஒருத்தியே எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

அவளும் என் வண்டிதான். காலையில் முதலில் ஏறுகிறவள், சாயங்காலம் கடைசியில் இறங்குகிறவள். அந்த இளைஞர் உட்கார்ந்த அதே கடைசி வரிசையில் உட்காருகிறாள். டெஸ்டர் அவளைத் தங்கச்சி என்பார். நான் அம்மா என்பேன். வடிகட்டி சார் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை அவர் லேப்டாப்பை மடியில் திறந்து வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஒரு வரி எழுதுவார், அழிப்பார். "வேண்டாம்னு சொல்லக் கூடாது... இப்படிச் செய்யலாமான்னு... இல்ல, இப்படிச் செஞ்சா என்னன்னு..." டெஸ்டருக்கு அன்றைக்கு விடுப்பு. அந்தப் பெண் பின்னால் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். அவர் மெதுவாக முன்னால் குனிந்து என்னிடம் கேட்டார்.

"ஏண்ணே, முன்னாடி ஒருத்தர் தப்பா ஓட்டிக்கிட்டுப் போறார்னு வைங்க. நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"ஹாரன் அடிப்பேன் சார்."

"அதைத்தாண்ணே நானும் இத்தனை நாளா பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றார்.

வழியெல்லாம் எழுதினார். ஆபீஸ் வாசல் திரும்பும்போது லேப்டாப்பை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். தேர்வு எழுதி முடித்த பிள்ளை முகம்.

"ஒம்பது எழுதியிருக்கேண்ணே. ஒண்ணுலகூட வேண்டாம்ங்கற வார்த்தை கெடையாது."

"நல்லது சார். கடவுள் பாத்துக்குவார்."

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை.

சாயங்காலங்களில் வடிகட்டி சார் எல்லோருக்கும் பத்து நிமிடம் முன்னால் வண்டிக்கு வந்துவிடுவார். வீட்டுக்குப் பேசுகிற நேரம் அது. புதன்கிழமை மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அழிச்சு அழிச்சு எழுதினேன். ஒவ்வொண்ணும் அஞ்சு தடவை... ம்... பதிலே இல்ல. அதை விடு, இன்னைக்கு என்ன பண்ணிச்சு தெரியுமா? 'சார், பாத்தீங்களா'ன்னு எனக்கே எழுதிக் கேக்குது. திங்கக்கிழமை நான் ஒம்பது எழுதி அனுப்பியாச்சு, புதன்கிழமை பாத்தீங்களான்னு கேட்டா அது என்ன, நக்கல்தானே? 'பாத்தாச்சு, திங்கக்கிழமையே'ன்னு எழுதினேன். வேற ஒண்ணும் எழுதல. கோவமா எழுதல. சத்தியமா."

அதே சாயங்காலம், அவரும் டெஸ்டரும் இறங்கிய பிறகு, கடைசி வரிசையிலிருந்து அவள் தன் அக்காவிடம் பேசினாள்.

"திங்கக்கிழமையே பாத்துட்டாராம்க்கா. பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லல. நல்லாருக்குன்னும் இல்ல, நல்லால்லன்னும் இல்ல. திட்டினாக்கூட பரவால்ல. திட்டறதுக்குக்கூட லாயக்கில்லன்னு நெனச்சிட்டார் போல... நீ சும்மா இரு, நேர்ல போயி எப்படிக் கேக்கறது? எனக்கு முன்னாடி அந்த எடத்துல இருந்தவர் என்ன ஆனார்னு உனக்குத் தெரியும்ல?"

வண்டியில் கேட்டது வண்டியோடு என்பது என் பழக்கம். இருபது வருடமாக அப்படித்தான். ஆனால் அன்றைக்கு ராத்திரி ஜெபத்துக்கு முழங்கால் போட்டபோது அந்த இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அவர் சொன்னேன் என்கிறார். அவள், அவர் ஒன்றும் சொல்லவில்லை என்கிறாள். இரண்டு பேரும் பொய் சொல்கிற ஜாதி இல்லை. எங்கே போனது அந்தப் பேச்சு? ஆண்டவனே, எனக்குத்தான் படிப்பு இல்லை, உனக்காவது புரிகிறதா என்று கேட்டுவிட்டுப் படுத்தேன்.

வியாழக்கிழமை டெஸ்டர் ஏறும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேனேஜர் பொரிஞ்சு தள்ளிட்டாருண்ணே. நாளைக்குப் பத்து மணிக்குப் போகலன்னா, யாரால நின்னுச்சுன்னு எனக்கு ஒரு பேரு வேணும்னுட்டார். ஒரே ஒரு பேரு."

அன்று சாயங்காலம் வண்டிக்குள் மூன்று பேர் இருந்தும் டெஸ்டர்கூடப் பேசவில்லை. அவர் பேசாத வண்டியை நான் அதுவரை ஓட்டியதில்லை. கண்ணாடியில் பார்த்தால் முன்னால் வடிகட்டி சார், பின்னால் அந்தப் பெண். இரண்டு பேரும் ஒரே பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். வடிகட்டி சாரை இறக்கிவிடும்போது என் பழக்கத்தை நானே மீறினேன். நானும் இறங்கிப்போய், கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பொண்ணுகிட்ட நேர்ல ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"எழுதியாச்சுண்ணே" என்றார். "எழுத்துல இருந்தாத்தான் எனக்குப் பாதுகாப்பு. நேர்ல நான் பேசினா என் மொகம் ஒத்துழைக்காது. அது இன்னொரு புகாராப் போகும்."

கடைசியில் அந்தப் பெண் இறங்குவதற்குள் அக்காவிடம் பேசி முடித்துவிட்டாள். "லெட்டர் அடிச்சு எடுத்துட்டேன். பையிலதான் இருக்கு. நாளைக்குக் காலைல போனதும் குடுத்துடுவேன்."

விடியும் முன் மழை பிடித்துக்கொண்டது. காலையில் வண்டியை எடுத்தபோது பின்கதவின் ரப்பர் விட்டுப்போய், கடைசி வரிசை முழுக்கத் தண்ணீர் ஊறியிருந்தது. கையை வைத்தால் பிழியலாம். அந்த ரப்பர் ஆறு மாதமாக விடுவேன் விடுவேன் என்று இருந்தது. அன்றைக்குப் பார்த்து விட்டது. நான் அதைத் தற்செயல் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் ஏறிய பெண் பின்னால் பார்த்துவிட்டு நடு வரிசையில் உட்கார்ந்தாள். அடுத்து டெஸ்டர், வழக்கம்போல முன்னால். வடிகட்டி சார் கதவைத் திறந்தார். அவளைப் பார்த்தார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். தலையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"பின்னாடி நனைஞ்சிருக்கு சார்" என்றேன்.

ஏறினார். கதவைத் தள்ளிப் பார்க்க மறந்துபோனார். டிரிப் ஷீட்டையும் கேட்கவில்லை. நடுவில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டார், எல்லைக்கல் போல.

பாலத்தின் நடுவில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் எங்கோ ஒரு லாரி பழுதாகிக் குறுக்கே நிற்கிறதாம். மணி எட்டு பத்து. கண்ணாடித் துடைப்பான் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல் வடிகட்டி சார் லேப்டாப்பைத் திறந்தார். தன்னுடைய ஒன்பதையும் திரும்பப் படித்தார். எந்த வார்த்தை அவளைச் சுட்டிருக்கும் என்று தேடுகிறார் என்பது அவர் உதட்டிலேயே தெரிந்தது.

அவள் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது திரும்பினாள் என்று நான் பார்க்கவில்லை. குரல்தான் கேட்டது.

"சார்... அது என்ன?"

"எது?"

"அது என் ஃபைல்தானே? பக்கத்துல என்னமோ எழுதியிருக்கே?"

"நான் எழுதினதுதான். திங்கக்கிழமை."

"எனக்கு வரலையே."

"வராம எப்படி? அனுப்பியாச்சே."

"எனக்கு ஒண்ணுமே வரல சார்."

அவள் தன் லேப்டாப்பை எடுத்துத் திறந்தாள். சாப்பாட்டு டப்பா கீழே போய்விட்டது. இரண்டு மடியிலும் இரண்டு திரை. இரண்டிலும் ஒரே பக்கம். நான் சீட்டில் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். அவருடையதில் ஓரத்தில் ஒன்பது கட்டம், ஒவ்வொன்றின் தலையிலும் சின்னதாக ஒரு மஞ்சள் சீட்டு. அவளுடையதில் ஓரம் வெறும் வெள்ளை.

டெஸ்டர் சீட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"சார், மஞ்சள்னா இன்னும் போகலன்னு அர்த்தம். சேத்து அனுப்பற மொறையில ஒண்ணொண்ணா சேமிச்சா போதாது. கடைசியா மேல ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கணும். அமுக்கலையா?"

வடிகட்டி சார் திரையின் மேலே அந்தப் பட்டனைத் தேடினார். இத்தனை வருடம் எழுதி அமுக்கினால் அப்போதே போய்விடும். புது முறையில் எழுதி அமுக்கினால் அங்கேயே இருக்கும். ஒன்பது கடிதம் எழுதி, ஒட்டி, முகவரியும் எழுதி, மேசையிலேயே வைத்துவிட்டு நான்கு நாளாகப் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறார்.

டெஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. வடிகட்டி சார் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"படிக்கலாமா சார்?" என்றாள் அவள்.

அவர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் படித்தாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள். கை வாய்க்குப் போனது.

"எடை போடாம விட்டா..."

"ம்."

"முன்னாடி பாத்த கொழந்தையோட எடைய எடுத்துக்குது."

"ம். நர்ஸம்மா அவசரத்துல விட்டுட்டாங்கன்னா, பெரிய கொழந்தைக்குக் குடுக்கறது சின்னக் கொழந்தைக்குப் போயிடும்."

"கடவுளே. இதை எப்படி நான் பாக்காம விட்டேன்?"

இந்த இடத்தில் பழைய வடிகட்டி சார் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். டெஸ்டருக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"நானும் மொத ரெண்டு தடவை படிச்சப்ப பாக்கல" என்றார். "மூணாவது தடவைதான்."

அவள் மீதியையும் படித்தாள். ஏழாவதில் அவள் முகம் மாறியது. "சார், இதுல தயவுசெய்து மூணு எடத்துல இருக்கு."

"ஆமா. ஜாஸ்தியா? ஒண்ண எடுத்துரட்டுமா?"

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் இன்னைக்கு வேலைய விட்டுடலாம்னு இருந்தேன் சார்."

"தெரியும்."

"எப்படி?"

"நேத்து எறங்கறப்ப பாத்தேன், ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. முன்னாடியும் ஒருத்தர் அப்படித்தான் வந்தார்."

அவள் பேனாவை எடுத்தாள். பையைத் துழாவி மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். வேறு காகிதம் இல்லை போலும். அதைத் திருப்பி வெற்றுப் பக்கத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டு, மூன்றைச் சுற்றி வட்டம் போட்டாள். வெளிச்சத்தில் தாளின் மறுபக்கம் அடித்திருந்த எழுத்து நிழலாகத் தெரிந்தது. வடிகட்டி சார் எந்த எழுத்தையும் வாசிக்காமல் விடாதவர். அன்றைக்குத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மணி எட்டரை. அவர் அலைபேசியை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற குரல் மேனேஜருக்கு.

"பத்து மணிக்குப் போகாது சார். மருந்துக் கணக்குல ஒரு தப்பு இருக்கு. திங்கக்கிழமைதான் முடியும்."

"திங்கக்கிழமையா? நாலு நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க ரெண்டு பேரும்? யாரால நின்னுச்சு? எனக்குப் பேரு வேணும்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். டெஸ்டர் முன்கண்ணாடி வழியாகப் பாலத்தைப் பார்த்தார். தப்பு அவள் எழுதியதில்தான் இருந்தது. அவள் பேரைச் சொன்னால் அது பொய்யில்லை.

"என் பேரு" என்றார் வடிகட்டி சார். "அந்தப் பொண்ணுக்கு நான் எதையும் அனுப்பல. எழுதி வச்சேன், அனுப்பல. அதனால நின்னுச்சு."

"வாங்க, பேசிக்கலாம்" என்று மேனேஜர் துண்டித்துவிட்டார். வடிகட்டி சார் அலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்து, உடைந்த கண்ணாடிக் காலில் இருந்த நூலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். முன்னால் லாரியை இழுத்துவிட்டார்கள் போல. பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

அன்றைக்குப் பகல் முழுக்க நான் கீழே வண்டியிலேயே இருந்தேன். சாயங்காலம் டெஸ்டர்தான் முதலில் வந்தார்.

"சார் வேலை தப்பிச்சதுண்ணே. ஆனா 'சரி' பட்டன ஒரு மாசத்துக்கு மேனேஜர் புடுங்கிக்கிட்டார். இவர் படிக்கலாம், எழுதலாம், அமுக்க முடியாது. தங்கச்சிகிட்ட, உனக்கு ஏதாவது சொல்லணுமான்னு கேட்டார். அது என்ன சொல்லிச்சு தெரியுமா? 'சார் எழுதினது எனக்கு வந்துச்சான்னு திரும்பிக் கேக்கச் சொல்லுங்க, அது போதும்'னுச்சு."

அந்த ஒரு மாதமும் முடிந்துவிட்டது. பட்டன் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பெண் கடைசி வரிசையில்தான் உட்காருகிறாள். ரப்பர் மாற்றியாயிற்று. வடிகட்டி சார் இன்னும் "வேண்டாம்" என்று எழுதுகிறாராம். பழக்கம் எங்கே போகும்? ஆனால் எழுதி அனுப்பியதும் நாற்காலியைத் திருப்பி, "வந்துச்சா?" என்கிறார். வண்டியில் இருந்தாலும் அப்படித்தான், கழுத்தை ஒடித்துப் பின்னால் திரும்பி, "வந்துச்சா?" அவள் திரையிலிருந்து தலையைத் தூக்காமல், "வந்துச்சு சார், வேண்டாம்னு போட்டிருக்கீங்க, ஏன் வேண்டாம்?" என்கிறாள். பிறகு இரண்டு பேரும் ஆபீஸ் வரை பேசிக்கொண்டே வருகிறார்கள். டெஸ்டருக்குப் பேச இடம் கிடைப்பதில்லை. அவருக்கு அது ஒரு குறை.

நேற்று சாயங்காலம் வடிகட்டி சாரை இறக்கிவிட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. டிரிப் ஷீட்டில் ஆறு நாற்பது என்று நான் எழுதியிருந்ததை அடித்து, மேலே நாற்பத்திமூன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் வாங்கிப் பார்க்காமலே முன்னால் போட்டுவிட்டு கியரைப் போட்டேன். அவர் கதவைத் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், நாலு எட்டு நடந்தார். நின்றார். திரும்பி வந்து என் பக்கத்துக் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, தாளைக் காட்டினார். நான் அதைக் கையில் எடுத்து, படித்து, தலையை ஆட்டுகிற வரைக்கும் மழையில் நின்றுகொண்டிருந்தார்.